கிள்ளானில் இல்லாத திரு. க

அத்தியாயம் ஒன்பது

"கிள்ளான்ல அந்த ஆளு யாரும்மா?"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடியே ராதாகிருஷ்ணன் கேட்டார். தாமரை கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"எந்த ஆளுப்பா?"

"அதான், நீ எழுதியிருக்கியே, திரு. க. துறைமுகத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. போலீஸ்காரங்களுக்கு நாசி லெமாக் குடுப்பாராமே."

"பேர் சொல்லக்கூடாதுப்பா. ஆய்வுல அப்படி ஒரு விதி."

"சரி, சொல்லாத." சவரக்கத்தி தாடையில் இறங்கியது. "நல்லவராத்தான் தெரியுறாரு. கொஞ்சம் அசடு. ஆனா நல்லவரு."

அப்பா தெரிந்து பேசுகிறாரா, தெரியாமல் பேசுகிறாரா? தாமரை கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். நுரைக்கு மேலே இரண்டு கண்கள், ஞாயிற்றுக்கிழமைக் கண்கள், ஒன்றும் சொல்லாமல் அவளைப் பார்த்தன.

திரு. க என்று ஒருவர் கிள்ளானில் இல்லை. எங்கேயும் இல்லை. இருப்பவர் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ராதாகிருஷ்ணன். பிரிக்ஃபீல்ட்ஸ் மெலோர் அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவரைத்தான் ரயிலிலிருந்து இறக்கித் துறைமுகத்தில் விட்டு, கிள்ளானுக்குக் குடிமாற்றி, பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கியிருந்தாள் மகள்.

"உங்களப் பத்தி எழுதலாமாப்பா?" என்று அவள் கேட்ட நாளில், "தாராளமா எழுது, பேர மட்டும் மாத்திடு" என்றார். பெயரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். தொழிலை மாற்றினாள். நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை, மட்டும் மாற்றவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. மாற்ற மனம் வரவில்லை. கட்டுரையே அந்தப் பொட்டலத்துக்குள்தான் இருந்தது.

மெலோர் அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. சங்கம் எந்தப் பதாகையைப் பிடிப்பதானாலும் அப்பா முதலில் பாலாய்க்குப் போவார். போலீஸ் நிலையத்தை இங்கே யாரும் வேறு பெயரால் சொல்வதில்லை. எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாகப் போவார்கள், எப்போது கலைவார்கள் என்றெல்லாம் அங்குள்ள போலீஸ் சார்ஜனிடம் சொல்லிவிட்டு, அவரோடு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்புவார். அன்றைக்கு அம்மா புஷ்பவல்லி தேங்காய்ப்பால் விட்டு இரண்டு பானை சோறு ஆக்குவாள். ஒரு பானை கோஷம் போடுகிறவர்களுக்கு. இன்னொன்று, கோஷம் போடுகிறவர்களைக் கண்காணிக்க வருகிறவர்களுக்கு.

சிறுமியாக இருந்தபோது தாமரை வேறு மாதிரி நினைத்திருந்தாள். நூலகத்தில் தேடித் தேடிப் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் கொடுங்கோலன் என்றால் பனி பெய்யும். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள் வருவார்கள், கதவை உதைப்பார்கள். யாரோ ஒரு மனைவி ஜன்னலோரம் நின்று, தெருவில் கரையும் காலடித் தடங்களைப் பார்ப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸில் பனி பெய்யவில்லை. அதிகாரம் இங்கே அரைக்கைச் சட்டையில் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சம்பால் இன்னைக்கு ஒறப்பு ஜாஸ்தி" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தது. பயப்படுவதா, இன்னொரு பொட்டலம் கொடுப்பதா?

அந்தக் கேள்விதான் பெரியவளானதும் முனைவர் பட்ட ஆய்வானது. கெடுபிடியான ஆட்சிகள் எப்படி நிலைக்கின்றன, அவற்றின் கீழே மக்கள் அமைப்புகள் என்ன செய்கின்றன என்று அறிஞர்கள் அலமாரி அலமாரியாக எழுதியிருந்தார்கள். நாலு பேர் கூடிச் சங்கம் வைத்தாலே அது சுதந்திரத்தின் பாடசாலை என்றார்கள் சிலர். இல்லை, ஆட்சியே சங்கங்களை வளர விடுகிறது, கோபம் எங்கே கொதிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதற்கும் ஒரு வழி வேண்டுமே என்றார்கள் வேறு சிலர். தாமரை இரண்டாம் கட்சிக்குப் போனாள். 'திரு. க எதிர்ப்பை ஒடுக்குவதில்லை. அதற்குச் சோறு போட்டுத் தூங்க வைக்கிறார்' என்று எழுதினாள். பேராசிரியர் உஷாராணி அந்த வரியின் ஓரத்தில் 'அருமை' என்று குறித்தார்.

போன வாரம் அதே வரிதான் மெலோர் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. போட்டவன் அவள் தம்பி ஜீவன்.

*

"பெருமையில போட்டேன்க்கா. சத்தியமா."

படிக்கட்டில் இறங்கும்போது ஜீவன் நான்காவது முறையாக அதையே சொன்னான். தமிழில் மாற்றிக் கொடுக்கும் செயலியில் கட்டுரையைப் போட்டு, 'என் அக்கா எழுதியது, எல்லாரும் படிக்கவும்' என்று தலைப்பும் வைத்து அனுப்பியிருந்தான்.

"நீ படிச்சியா, இல்லையா?"

"மொத பக்கம் படிச்சேன்."

"மொத பக்கத்துல என் பேருதான் இருக்கு."

"அதான் பெருமை லா."

சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. ஜீவன் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறான். இன்னும் சில மாதத்தில் கறுப்பு அங்கி. போன வருடம் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ஊர்வலத்தில் அவனைப் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் அப்பா போய்க் கூட்டி வந்தார். எப்படி விட்டார்கள் என்று ஜீவன் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. இன்னொரு முறை அவன் பெயர் பாலாயில் ஏறினால் கறுப்பு அங்கி என்ன ஆகும் என்பதைத்தான் அம்மா அவ்வப்போது காற்றிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அப்பாவ எறக்கிடுவாங்களாக்கா?"

"தெரியல."

"நீ ஆராய்ச்சி பண்றவதானே?"

"அதனாலதான் தெரியல."

இன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வரும் சனிக்கிழமை ஓர் ஊர்வலம். அடுக்குமாடிக்குப் பின்னால் பிள்ளைகள் பந்தாடும் திடலைக் கொண்டோமினியம் கட்டுகிற ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து எல்லாருக்கும் இரத்தம் சூடேறியிருந்தது. ஊர்வலத்தைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டம், இந்த ஒரு வாரத்தில் தலைவரைப் பற்றிப் பேசும் கூட்டமாகிவிட்டது.

கீழ்த்தளத்து மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின. வெளியே பூக்கடைப் பக்கமிருந்து மல்லிகை வாசமும் எண்ணெயில் வேகும் வடை வாசமும் கலந்து வந்தன. தாமரை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் இரண்டு ஆன்டிகள் பேச்சை நிறுத்தி, பிறகு வேறு பேச்சைத் தொடங்கினார்கள். அம்மா முன்வரிசையில், நீலச் சேலையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு.

மேசைக்குப் பின்னால் அப்பா. மழித்த முகம் பளபளவென்றிருந்தது.

"கூட்டத்த ஆரம்பிக்கலாமா? எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"இன்னைக்கு யாருக்கு சாப்பாடு, தலைவரே? எங்களுக்கா, அவங்களுக்கா?"

பின்னாலிருந்து யாரோ கேட்க, மண்டபம் கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தாமரையின் காது மடல்கள் எரிந்தன.

காலேப் எழுந்தான். ஐந்தாவது மாடி. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பொய் பேசத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன், அதனாலேயே பலருக்கு அவனிடம் பேச பயம்.

"அங்கிள், எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா கேக்காம இருக்க முடியல. தாமரைகிட்டத்தான் கேக்கணும்." அவன் திரும்பினான். எல்லாத் தலைகளும் திரும்பின. "தாமரை, நீங்க எழுதின அந்த ஆளு நம்ம தலைவரா?"



ஆமென்றால், பெயரை மாற்றிவிடு என்று கேட்டவரின் பெயரை அவளே நூறு பேர் முன்னால் சொன்னவளாவாள். இல்லையென்றால் பொய். இந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பாத பொய். ஆய்வு நெறி வகுப்பில் இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் யாருக்கும் எதிரில் அப்பா உட்கார்ந்திருக்கவில்லை.

"நான்... யாருன்னு சொல்ல முடியாது."

சொன்ன கணமே தெரிந்துவிட்டது. அது பதில் இல்லை. 'ஆம்' என்பதன் மரியாதையான வடிவம்.

"அந்தப் புள்ளைய ஏன் கேக்குற, காலேப்?" அப்பா மேசையில் கையூன்றி எழுந்தார். "நாந்தான்."

சலசலப்பு. சாந்தமேரி ஆன்டி, "ஐயோ, யேசுவே" என்றாள். சர்ச்சுக்குப் போன சேலையோடு நேராக வந்திருந்தாள். அம்மாவோடு உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிற கை அவளுடையது.

"போலீஸுக்கு முன்னாடியே சொன்னது நெசம். சாப்பாடு குடுத்தது நெசம். இத்தன வருஷத்துல நம்ம கூட்டத்துல ஒருத்தரக்கூட லோரியில ஏத்தல. அதுவும் நெசம்."

"ஒரு தடவையாச்சும் ஜெயிச்சோமா அங்கிள்?"

காலேப் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். அதுதான் கூரையில் போய் இடித்த மாதிரி இருந்தது.

"ஏன் ஜெயிக்கல?" சாந்தமேரி ஆன்டி குரலை உயர்த்தினாள். "லிப்ட் யாரு வாங்கிக் குடுத்தா? சந்துல விளக்கு யாரு போட வச்சா? ஒம் பொண்டாட்டி இருட்டுல நடந்து வர பயந்தாளே, மறந்துட்டியா?"

"மறக்கல ஆன்டி. லிப்ட் கேட்டா லிப்ட் குடுப்பாங்க. விளக்கு கேட்டா விளக்கு. நெலம் கேட்டுப் பாருங்க. நாசி லெமாக்க சாப்பிட்டுட்டு, கைய தொடச்சிட்டு, வீட்டுக்குப் போங்கம்பாங்க. நாம எந்த வழியா வருவோம்னு அவங்களுக்கு நம்மள விட நல்லாத் தெரியுது. நம்ம மேல பயமே இல்லாம ஒருத்தன் எதுக்கு நமக்கு எதாவது குடுக்கணும்?"

"முன்னாடி சொல்லாட்டி புடிச்சிட்டுப் போவான் லா!" என்றார் நடுவரிசையில் ஒருவர்.

"அதெல்லாம் இப்ப புடிக்க முடியாதுன்னு வக்கீலுங்க சொல்றாங்க."

"வக்கீலு சொல்வாரு. சார்ஜன் கேக்கணுமே!"

மறுபடி சிரிப்பு, மறுபடி கூச்சல். தாமரை இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலேப் பேசுவது அவளுடைய கட்டுரை. வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய முடிவுரை. சாந்தமேரி ஆன்டி பேசுவதோ அந்தக் கட்டுரையில் அவள் வெட்டி எறிந்த பக்கம். லிப்ட், விளக்கு, இருட்டில் நடந்து வந்த ஒரு பெண். சின்ன விஷயங்கள், வாதத்தின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்று எடுத்துவிட்டாள். இப்போது இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதைவிட மோசம், இருவர் சொல்வதும் தவறாகவும் பட்டது.

எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும். 'நான் எழுதியது அப்படி அர்த்தமில்லை' என்று சொல்லலாம். ஆனால் அப்படித்தான் அர்த்தம்.

"சண்ட வேணாம்," என்றார் அப்பா. "சங்கத்துல ஒரு மொற இருக்கு. நான் எறங்கணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க. வீட்டுக்கு ஒரு கை. நான் மேசையில இருக்கேன், எனக்கு ஓட்டு இல்ல. எங்க வீட்டு ஓட்டு எம் பொண்டாட்டிக்கு."

அவர் குரலில் பதற்றமே இல்லை. மாதாந்திரக் கட்டண அறிவிப்பைப் படிக்கிறவர் மாதிரி இருந்தார். தாமரைக்கு அது பிடிபடவில்லை.

கைகள் எழுந்தன. முதலில் வேகமாக, பிறகு தயங்கித் தயங்கி. சிலர் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். சிலர் பாதி தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்கள். மூன்றாவது மாடி அங்கிள் தூக்கி, இறக்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து, மறுபடி தூக்கினார். பொது இடத்தில் மனிதர்கள் காட்டுகிற மனதும் உள்ளே வைத்திருக்கிற மனதும் ஒன்றல்ல, பயமுள்ள ஊர்களில் கைகளை எண்ணி எதையும் அறிய முடியாது என்று தாமரை ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாள். அதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

காலேப் எண்ணினான். இன்னொருவர் எண்ணினார். இருவருக்கும் ஒரே கணக்கு. சரிபாதி.

"இன்னும் யாராச்சும்?" என்றார் அப்பா.

முன்வரிசையில் நீலச் சேலை அசைந்தது.

புஷ்பவல்லியின் கை மேலே போனது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கிற மாதிரி, நேராக.

மண்டபம் மூச்சை இழுத்தது. சாந்தமேரி ஆன்டி அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். "என்னடி பண்ற, புஷ்பா? கைய எறக்கு!" அம்மா இறக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "முடிஞ்சது."

*

அடுத்த கால் மணி நேரம் தாமரைக்குத் தண்ணீருக்கடியில் நடந்த மாதிரிதான் நினைவிருக்கிறது.

அம்மா ஏன் கை தூக்கினாள்? இத்தனை வருடம் விடியுமுன்னே எழுந்து யாருக்கோ சோறு ஆக்கிய அலுப்பா? அப்பா வீட்டோடு இருக்கட்டும் என்ற ஆசையா? இல்லை, கட்டுரையைப் படித்து நம்பிவிட்டாளா? படித்திருந்தால், அந்த இரண்டாவது பானையைப் பற்றி மகள் எழுதியதைப் படித்திருந்தால், அடுப்படியில் நின்றவள் பெயர் அதில் எங்குமே இல்லை என்பதையும் பார்த்திருப்பாளே?

"புதுத் தலைவர்?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லாரும் காலேப்பைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். "நான் எறக்கிட்டு நானே ஏறி ஒக்காந்தா நல்லா இருக்காது. சட்டம் தெரிஞ்ச ஆள் வேணும். பயப்படாத ஆள் வேணும். நான் ஜீவன் பேரச் சொல்றேன்."

கைதட்டல். சுவரில் சாய்ந்து நின்ற ஜீவன் முதலில் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். யாரோ முதுகில் தட்டினார்கள். யாரோ அவனை முன்னால் தள்ளினார்கள். "நம்ம தலைவரு மகன்தானே லா, பதவி வீட்டுக்குள்ளேயேதான் இருக்கு" என்றார் மூன்றாவது மாடி அங்கிள், நிம்மதியாக. இந்த முறை அவர் கைதான் முதலில் எழுந்தது.

"சனிக்கிழமை ஊர்வலம் உண்டு," என்றான் காலேப். "பாலாய்க்கு யாரும் போகவேணாம். ஒரு வார்த்த சொல்லவேணாம். சரியா, தலைவரே?"

ஜீவன் வாயைத் திறந்தான். அதற்குள் மண்டபமே "சரி" என்றது. அவன் தலை லேசாக அசைந்தது. அது ஆமா, இல்லையா என்று பார்க்க யாரும் காத்திருக்கவில்லை.

தாமரை அப்பாவைத் தேடினாள். அவர் மேசையைவிட்டு எழுந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் கண்ணாடியில் பார்த்த முகம் இல்லை இது. ஜீவன் பெயர் எழுந்ததிலிருந்து அந்த முகத்திலிருந்து எதுவோ வடிந்து போயிருந்தது. சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். தாமரைக்கும் தெரிந்தது, திரையில் சார்ஜனின் பெயர். அப்பா அவருடைய அழைப்பை எடுக்காமல் விட்டு அவள் பார்த்ததே இல்லை. குளியலறையிலிருந்துகூட ஓடி வந்து எடுப்பார். இன்று திரை அணையும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா மண்டபத்துப் பின்பக்கக் குழாயில் கோப்பிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"ஏம்மா கை தூக்குன?"

அம்மா அடுத்த குவளையை எடுத்தாள்.

"நான் எழுதினதாலயா? தப்புன்னா தப்புன்னு சொல்லும்மா. திட்டு. நாளைக்கே திருத்தி எழுதறேன். அப்பாவ நான் அப்படி..."

"ஒன் எழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." அம்மா ஒரு குவளையைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த நாசி லெமாக் கதைய நீ எழுதாட்டியும் ஒங்கப்பா இன்னைக்கு எறங்கியிருப்பாரு. நீ எழுதினது அவருக்கு வசதியாப் போச்சு. அவ்ளோதான்."

"என்னம்மா சொல்ற?"

"நேத்தே சொல்லிட்டாரு. சரிபாதியா வந்து நின்னா நீ தூக்கிடு புஷ்பான்னு."

"ஏன்?"

"கேட்டேன். இனிமே அந்த மேசையில நான் இருக்கக்கூடாதுன்னாரு. சார்ஜன் இந்தத் தடவ வேற என்னமோ கேக்குறாருன்னாரு. என்னான்னு எங்கிட்ட சொல்லல."

உள்ளே மறுபடி கைதட்டல் எழுந்தது. ஜீவன் ஏதோ பேசத் தொடங்கியிருந்தான். குரல் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. மேசைக்குப் பின்னால் நின்று அப்பா பேசும் விதம் அப்படியே இருந்தது. 'எல்லாரும் சாப்பிட்டாச்சா' என்றுதான் அவனும் ஆரம்பித்தான்.

அம்மா குழாயை மூடினாள். ஈரக்கையை நீலச் சேலையில் துடைக்க மறந்து, அப்படியே நின்று அந்தக் குரலைக் கேட்டாள்.

"வேற யார்கிட்ட வேணா கேக்கட்டும், எங்கிட்ட கேக்காம இருந்தா போதும்னுதான் ஒங்கப்பா எறங்கினாரு," என்றாள். "அந்த வேற யாரோ, இப்ப எம் மகன்."